தந்தையாரின் 94,000 டொலர் பில்லுக்காகக் காணியை விற்க வேண்டுமா?

கேள்வி: என் தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 69. சென்ற மாரியில் அம்மாவுடன் நியூ ஜேர்சியிலுள்ள என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்தது. அருகிலிருந்த வைத்தியசாலையில் ஸ்டென்ட் வைத்து நான்கு நாட்கள் மறித்து வைத்திருந்தார்கள். பயணக் காப்புறுதி எடுத்திருக்கவில்லை. இருவரும் சுகமாக ஊர் திரும்பிவிட்டார்கள். ஆனால் 94,000 டொலருக்கு ஒரு பில் தங்கையின் முகவரிக்கு வந்திருக்கிறது. முதல் பில் வந்து பத்துக் கிழமையாகிறது. பயத்தில் தங்கையின் கணவர் கடனட்டையில் 2,000 டொலர் கட்டிவிட்டார். தந்தையார், கோப்பாயில் தம் பெயரிலுள்ள நான்கு பரப்புத் தோட்டக்காணியை விற்கச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறார். கனடாவிலுள்ள சித்தப்பாவோ, “ஊருக்கு வந்தாயிற்று, பேசாமல் விடுங்கள்” என்கிறார். அந்த வைத்தியசாலை இலாப நோக்கற்றது என்று அதன் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. இலாபம் வேண்டாம் என்பவர்கள் இவ்வளவு பணம் கேட்பது எப்படி? வருமானம் குறைந்தவர்களுக்கும் காப்புறுதி இல்லாதவர்களுக்கும் அங்கே உதவி உண்டென்கிறார்கள். அது எங்களுக்கும் கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

காணியை விற்க வேண்டாம். சித்தப்பா சொல்வதுபோலப் பேசாமல் இருக்கவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில், அமெரிக்கச் சட்டமே திறந்து வைத்திருக்கும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் போவதற்கான நாட்களில் எழுபது ஏற்கெனவே கழிந்துவிட்டன என்பதால், காரணங்களைச் சொல்லும்போதே செய்ய வேண்டியவற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போகிறேன். ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் திரும்புவதற்கு முன்னர் பல ஆண்டுகள் நான் அமெரிக்காவில் அத்தகைய இலாப நோக்கற்ற வைத்தியசாலை ஒன்றின் நிதி உதவி மேசையில் இருந்தவன். உங்கள் தங்கையின் கையிலிருப்பதைப் போன்ற கடதாசிகளோடு வந்தவர்களைத்தான் நாள்தோறும் பார்த்தேன்.

முதலில் உங்கள் ஆச்சரியத்துக்கு வருகிறேன். இலாப நோக்கற்றது என்றதும் எங்கள் மனதில் எழுவது பழைய தருமாஸ்பத்திரி. அதற்கு நியாயமும் உண்டு. இன்றைய யாழ். போதனா வைத்தியசாலையே 1850 இல், அரசாங்க அதிபராக இருந்த டைக் அவர்களின் காலத்தில், ஏழை நோயாளருக்காக ஒரு நலன்புரிச் சங்கத்தின் வைத்தியசாலையாகத் தொடங்கியதுதான். மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்திலிருந்து வந்தவர். இணுவில் மக்லியொட் வைத்தியசாலையையும் அமெரிக்க மிஷன்தான் கட்டியது. பின்னர் அரசாங்கமே வைத்தியத்தை இலவசமாக ஏற்றுக்கொண்டதால், இங்கே ஒருவர் வாட்டில் அனுமதிக்கப்படும்போது அவரிடம் காப்புறுதி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ‘காப்புறுதி இல்லாதவர்’ என்றொரு வகுப்பே எங்கள் பேச்சில் கிடையாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு பொதுமக்களுக்குச் சிகிச்சையளிக்கும் சாதாரண வைத்தியசாலைகளில் பாதிக்கும் மேலானவை இலாப நோக்கற்றவை. அவற்றுட் சில பல பில்லியன் டொலர் வருமானமுள்ள பெருந்தொகுதிகள். இலாப நோக்கற்றது என்பதன் பொருள், மிச்சமாகும் பணத்தைப் பங்குதாரர் பிரித்து எடுக்க முடியாது என்பது மட்டுமே. சிகிச்சை இலவசம் என்பதல்ல. பங்குதாரர் இல்லாத அந்த நிறுவனத்துக்கு அரசாங்கம் வருமான வரியை விட்டுக்கொடுக்கிறது. பல இடங்களில் ஆதனவரியும் இல்லை. அதற்குக் கைம்மாறாக அது சமூகத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அறுபது, எழுபது ஆண்டுகளாக அங்கே நடக்கும் வாதம். 1956 இல் வரித் திணைக்களம், பணம் கட்ட முடியாதவர்களுக்குத் தன் நிதிவசதிக்கு ஏற்றளவு சிகிச்சை அளிக்கும் வைத்தியசாலைக்கே வரிவிலக்கு என்று சொன்னது. முதியோருக்கான மெடிக்கெயர், வறியோருக்கான மெடிக்கெயிட் ஆகிய அரசாங்கக் காப்புறுதிகள் 1965 இல் வந்த பிறகு, இனி இலவசச் சிகிச்சைக்குப் பெரிய தேவை இராது என்ற எண்ணத்தில், 1969 இல் அந்த நிபந்தனையைத் தளர்த்தி ‘சமூக நன்மை’ என்ற அகலமான அளவுகோலை வைத்தார்கள். அளவுகோல் அகன்றதும், வரிவிலக்கையும் வைத்துக்கொண்டு, காப்புறுதி இல்லாத ஏழையிடம் முழு விலையையும் கேட்டு வழக்குப் போடும் வைத்தியசாலைகளும் தோன்றின. செனட்டர் சக் கிராஸ்லி போன்றவர்கள் ஆண்டுக்கணக்காக இதைத் தோண்டியதன் விளைவாக, 2010 ஆம் ஆண்டின் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டத்தோடு வரிச் சட்டத்தில் 501(ஆர்) என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. உங்கள் தந்தையாரின் பில்லுக்கு மருந்து அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

அதன்படி, வரிவிலக்குப் பெறும் ஒவ்வொரு வைத்தியசாலையும் எழுத்திலான நிதி உதவிக் கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதனையும், விண்ணப்பப் படிவத்தையும், எளிய மொழிச் சுருக்கத்தையும் இணையத்தளத்தில் இலவசமாகப் போட வேண்டும். அனுப்பும் பில்லிலேயே உதவி உண்டு என்பதைக் கண்ணில் படும்படி அச்சிட்டு, தொலைபேசி இலக்கத்தையும் தர வேண்டும். தங்கையிடம் அந்தப் பில்லைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் தொகையும், கட்ட வேண்டிய திகதியும், கடனட்டை இலக்கம் எழுதக் கட்டங்களும் இருக்கும். நான் பார்த்த பெரும்பாலான பில்களில் அந்த அறிவித்தல் பின்பக்கத்தில்தான் இருந்தது. முன்பக்கத்தைப் பார்த்தவுடனேயே பலருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிடுவதால், கடதாசியைத் திருப்பிப் பார்த்து வந்தவர்கள் என் மேசைக்கு மிகக் குறைவு.

அடுத்து, அந்த 94,000 என்ற தொகையைப் பற்றி. ஒவ்வொரு வைத்தியசாலையிலும் ஒரு விலைப் பதிவேடு உண்டு. ஒரு குளிசை முதல் சத்திரசிகிச்சைக் கூடம் வரை அதில் விலை எழுதப்பட்டிருக்கும். அந்த விலையைக் காப்புறுதி நிறுவனங்கள் கொடுப்பதில்லை. பேரம் பேசி அதன் ஒரு பங்கையே கொடுக்கின்றன. பேரம் பேச ஆளில்லாத காப்புறுதியற்ற நோயாளிக்கே முழு விலையும் வந்து சேர்கிறது. நிதி உதவிக்குத் தகுதியானவர் என்று ஒருவர் ஏற்கப்பட்டால், அவசரச் சிகிச்சைக்கும் அவசியமான சிகிச்சைக்கும், காப்புறுதி உள்ளவர்களிடம் பொதுவாக அறவிடப்படும் தொகைக்கு மேல் அவரிடம் அறவிடக்கூடாது என்கிறது சட்டம். அந்தப் பொதுத்தொகை விலைப் பதிவேட்டின் 30 வீதம் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், 94,000 என்பது அந்தக் கணமே 28,200 க்கு இறங்கிவிடும். இது உச்ச வரம்பு. வைத்தியசாலையின் சொந்தக் கொள்கை அதையும் குறைக்கலாம், முழுவதையும் தள்ளுபடியும் செய்யலாம். ஆனால் விண்ணப்பித்துத் தகுதி பெற்றவருக்கே இந்த வரம்பு பொருந்தும். விண்ணப்பிக்காதவருக்கு 94,000 என்பது 94,000 தான்.

யாருக்கு எவ்வளவு உதவி என்பதை மத்திய சட்டம் நிர்ணயிக்கவில்லை, வைத்தியசாலைகளே தீர்மானிக்கின்றன. இது அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. ஒரே நகரத்தின் இரண்டு வைத்தியசாலைகள் இரண்டு விதமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக, நியூ ஜேர்சியில் மாநில அரசின் ‘சரிட்டி கெயார்’ என்ற திட்டமும் உண்டு. குடும்ப வருமானம் மத்திய வறுமைக்கோட்டின் 200 வீதத்துக்கு உட்பட்டிருந்தால் வைத்தியசாலைக் கட்டணம் முழுவதும் நீக்கப்படும். 300 வீதம் வரை படிப்படியான கழிவு. 2025 ஆம் ஆண்டுக்கு இருவர் கொண்ட குடும்பத்தின் வறுமைக்கோடு ஆண்டுக்கு 21,150 டொலர். அதன் இரட்டிப்பு 42,300. இனி உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தந்தையாரின் ஓய்வூதியம் மாதம் 65,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 780,000 ரூபாய். டொலருக்கு 300 ரூபாய் என்று பிரித்தால் 2,600 டொலர். நிலையான வைப்பின் வட்டியையும் தோட்ட வருமானத்தையும் சேர்த்தாலும் 42,300 இன் கிட்டவும் வராது. ஊரில் எவரும் வறியவர் என்று சொல்லாத ஓய்வுபெற்ற ஆசிரியர், அந்த அளவுகோலில் மிக வறியவர். இதைத் தந்தையார் மானக்குறைவாக நினைக்கக்கூடும். படிவம் கேட்பது வருமானத்தைத்தான், மதிப்பையல்ல என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, உங்கள் குடும்பம் இடறக்கூடிய இடங்கள். அந்த மாநிலத் திட்டம் முதன்மையாக அங்கு வசிப்பவர்களுக்கானது. வெளியாருக்கு, உடனடிக் கவனம் தேவைப்பட்ட அவசரநிலைக்கே இடமளிக்கிறது. மாரடைப்பு அவசரநிலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது வைத்தியசாலைக் கோவையில் அப்படியே பதியப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு, அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவுகளைத் தங்கை கேட்டுப் பெற வேண்டும். வைத்தியசாலையின் சொந்த நிதி உதவிக் கொள்கையிலும், தன் சேவைப் பிரதேசத்தில் வசிப்பவருக்கு மட்டும் என்ற வரி இருக்கக்கூடும். அப்படி இருந்தால், விருந்தினராக வந்தவருக்கு விதிவிலக்கு உண்டா என்று எழுத்தில் கேட்க வேண்டும். சிலர் ‘அவசர மெடிக்கெயிட்’ எடுக்கச் சொல்வார்கள். அது மாநிலத்தில் வசிப்பவருக்கானது என்பதால் சுற்றுலா விசாவில் சென்றவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதற்கு அலைந்து நாளைக் கடத்த வேண்டாம்.

காணியின் கதை இதைவிடச் சிக்கலானது. நியூ ஜேர்சித் திட்டத்தில் வருமானத்தோடு சொத்தையும் பார்க்கிறார்கள்: தனியாளுக்கு 7,500 டொலர், குடும்பத்துக்கு 15,000 டொலர் என்பது வரம்பு. குடியிருக்கும் வீடு இதில் சேராது. வங்கிப் பணம், நிலையான வைப்பு, குடியிருக்கும் வீடு தவிர்ந்த ஏனைய ஆதனம் ஆகியவை சேரும். ஆகவே கோப்பாய்த் தோட்டக்காணியைப் படிவத்தில் காட்டத்தான் வேண்டும். “அப்பாவின் பெயரில் இருப்பதால்தானே பிரச்சினை, நொத்தாரிசிடம் போய் நாளைக்கே பிள்ளையின் பெயருக்கு நன்கொடை உறுதி முடித்துவிட்டால் என்ன?” என்று ஆலோசனை சொல்ல ஒருவர் நிச்சயம் வருவார். செய்யாதீர்கள். சிகிச்சை பெற்ற திகதியில் இருந்த சொத்துத்தான் கணக்கு என்பதால் அதனால் பயனில்லை. பொய்யான விண்ணப்பம் என்று தள்ளப்பட்டால் கிடைக்கவிருந்ததும் போய்விடும். மாறாக, உள்ளதை உள்ளபடி காட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். காணியும் வைப்பும் சேர்ந்து 18,000 டொலர் என்று மதிப்பிடப்படுகிறது என்றால், வரம்புக்கு மேலான 3,000 டொலரைப் பில்லுக்கோ ஏனைய மருத்துவச் செலவுக்கோ செலுத்தி வரம்புக்குள் வர அந்தத் திட்டம் அனுமதிக்கிறது. கட்டிய 2,000 ஐ அந்தக் கணக்கில் ஏற்பார்களா என்றும் கேட்கலாம். தலைமுறையாக இருந்துவரும் செம்மண் தோட்டத்தை அவசரத்தில் அரைவிலைக்கு விற்பது எங்கே, இது எங்கே?

காலக்கெடுவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். வைத்தியசாலையை விட்டு வெளியேறிய பின் வந்த முதல் பில்லின் திகதியிலிருந்து 240 நாட்கள் வரை வருகின்ற விண்ணப்பத்தை இலாப நோக்கற்ற வைத்தியசாலை ஏற்றுப் பரிசீலிக்க வேண்டும். அதே திகதியிலிருந்து முதல் 120 நாட்களுக்குள், கடன் தரப்படுத்தும் நிறுவனங்களுக்கு அறிவித்தல், கடனை வேறொருவருக்கு விற்றல், வழக்குத் தொடுத்தல் போன்ற கடும் நடவடிக்கைகளில் இறங்கக்கூடாது. உங்களுக்கு 70 நாட்கள் போய்விட்டன. விண்ணப்பத்துக்கு 170 நாட்கள் இருந்தாலும், கடும் நடவடிக்கைக்கு எதிரான காப்பு 50 நாட்களில் முடிகிறது. முழுமையான விண்ணப்பம் உள்ளே போய்விட்டால், முடிவு தெரியும்வரை அந்த நடவடிக்கைகளை நிறுத்தி வைக்க வேண்டும். தகுதி கிடைத்தால் கூடுதலாகக் கட்டிய பணத்தையும் திருப்பித் தர வேண்டும். ஆகவே தங்கையின் கணவர் கட்டிய 2,000 டொலர் போனது போனதுதான் என்று எண்ண வேண்டாம். அதன் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் இனி ஒரு சதமும் கடனட்டையில் கட்ட வேண்டாம். கடனட்டையில் கட்டிய கணத்திலேயே வைத்தியசாலைக்கு நீங்கள் கடன்காரர் அல்ல, வங்கிக்குக் கடன்காரர். வங்கிக்கு நிதி உதவிக் கொள்கை எதுவும் இல்லை. பில்லோடு வரும் ‘மருத்துவக் கடனட்டை’ விளம்பரங்களுக்கும் இது பொருந்தும்.

தங்கை ஏதாவது கையொப்பமிட்டாரா என்றும் கேளுங்கள். அனுமதிக்கும்போது தரப்படும் கடதாசிக் கட்டில், “கட்டணத்துக்கு நான் பொறுப்பு” என்று உத்தரவாதமளிக்கும் ஒரு பக்கம் இருப்பதுண்டு. தந்தை உள்ளே துடித்துக்கொண்டிருக்கும்போது எந்த மகளும் அதை வாசித்துவிட்டுக் கையொப்பம் வைப்பதில்லை. அவர் அதில் ஒப்பமிட்டிருந்தால், சித்தப்பாவின் “பேசாமல் விடுங்கள்” என்ற ஆலோசனையின் முழுப் பாரமும் யாழ்ப்பாணத்தில் விழாது. நியூ ஜேர்சியில், தங்கையின் தலையில் விழும். அப்படி ஒரு கையொப்பம் இருக்குமானால், அங்குள்ள இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்றில் அவர் ஒருதடவை ஆலோசனை பெறுவது நல்லது.

இன்னொன்று: 94,000 என்பது வைத்தியசாலையின் பில் மட்டுமாக இருக்கலாம். இருதய வைத்திய நிபுணர், அவசரப் பிரிவு வைத்தியர், படங்களை வாசித்தவர், அம்புலன்ஸ் ஆகியோரிடமிருந்து தனித்தனியாகவும் பில்கள் வரும். அவர்களுட் பலர் வைத்தியசாலையின் ஊழியர் அல்லர். மாநிலத் திட்டம் அவர்களின் கட்டணத்தை உள்ளடக்காமல் விடலாம். எந்த வைத்தியர்கள் தன் கொள்கைக்குள் அடங்குவர், எவர் அடங்கார் என்ற பட்டியலை வைத்தியசாலை வெளியிட வேண்டும் என்பதும் சட்டம். அந்தப் பட்டியலைக் கேட்டெடுத்து, அடங்காதவர்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுத வேண்டும். வைத்தியசாலை வழங்கிய நிதி உதவிக் கடிதத்தின் பிரதியை இணைத்துக் கேட்டால், அவர்களுட் சிலர் தாமும் கழித்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். எல்லோரும் அப்படியல்லர்.

ஆவணங்களைத் திரட்டுவது உங்கள் பங்கு. பிரதேச செயலகத்திலிருந்து ஓய்வூதிய விபரம், வங்கியிலிருந்து சிகிச்சைத் திகதியை உள்ளடக்கிய கணக்கறிக்கை, கிராம அலுவலரிடமிருந்து வதிவிட, வருமான உறுதிப்படுத்தல், காணி உறுதியின் பிரதியோடு ஒரு மதிப்பீடு, கடவுச்சீட்டில் போய்வந்த திகதி முத்திரைகள் உள்ள பக்கம் ஆகியன வேண்டும். தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் பெறுங்கள். விதானையாரின் கடிதத்தை நியூ ஜேர்சியில் யார் மதிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் மேசைக்கு இதைப்போன்ற கடிதங்கள் பல நாடுகளிலிருந்தும் வந்தன. முத்திரையும் திகதியும் தெளிவாக இருந்தால் ஏற்றோம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: நான் வேலை செய்த இடத்திலேயே அந்தப் படிவம் பல பக்கம் நீண்டிருந்தது, கேட்ட ஆவணங்களில் ஒன்று குறைந்தாலும் கோவை ஓரமாக வைக்கப்பட்டது. உதவிக்குத் தகுதியானவர்களே களைத்துப்போய் விட்டுவிட்டதைப் பார்த்தும் அந்தப் படிவத்தைச் சுருக்க எங்களால் முடியவில்லை. எனவே குறைபாடு சொல்லிக் கடிதம் வந்தால் மறுத்துவிட்டார்கள் என்று எண்ணாமல், கேட்டதை அனுப்புங்கள். மறுத்தாலும் மேன்முறையீட்டுக்கு வழியுண்டா என்று கேளுங்கள். படிவம் நிரப்புவது தங்கைக்குச் சிரமமென்றால், ‘டொலர் ஃபோர்’ என்ற தொண்டு நிறுவனம் இந்த வேலையை நாடு முழுவதும் கட்டணமின்றிச் செய்துகொடுக்கிறது.

இதற்கிடையில் தந்தையாரின் மருந்து நின்றுவிடக்கூடாது. ஸ்டென்ட் வைத்தவருக்குத் தரப்பட்ட இரத்த உறைவுத் தடுப்புக் குளிசைகளை வைத்தியர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்த வேண்டாம். பில்லை நினைத்துச் செலவைச் சுருக்குவோம் என்று அவர் குளிசையை விட்டுவிடுவாரோ என்பதே, உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு எழுந்த முதற் கவலை. வெளியேறும்போது தந்த சுருக்க அறிக்கையையும் அஞ்சியோகிராம் இறுவட்டையும் எடுத்துக்கொண்டு போதனா வைத்தியசாலையின் இருதய கிளினிக்கில் பதிந்து ஒரு கொப்பி எடுத்துவிடுங்கள். அங்கே கட்டணம் இல்லை.

முதல் வேலை, தங்கைக்கு ஓர் அதிகாரக் கடிதம். நோயாளியின் எழுத்திலான அனுமதி இல்லாமல் அந்த வைத்தியசாலை, மகளேயானாலும் அவரோடு கோவையைப் பற்றிப் பேசாது. அனுமதிப் படிவத்தை இணையத்தளத்திலிருந்து தங்கை எடுத்து அனுப்பட்டும். தந்தையார் கையொப்பமிட, தெளிவாக ஸ்கான் செய்து இந்தக் கிழமையே திருப்பி அனுப்புங்கள். அது கிடைத்ததும் அவர் நிதி உதவிப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும்: ஒன்று, ஒவ்வொரு செலவும் தனித்தனியே எழுதப்பட்ட விவரப் பில்; இரண்டு, நிதி உதவி, சரிட்டி கெயார் ஆகிய இரண்டினதும் விண்ணப்பப் படிவங்கள்; மூன்று, விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை கணக்கை வசூலிப்பு நிறுவனத்துக்கு அனுப்பமாட்டோம் என்ற எழுத்து உறுதி. பேசியவரின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். படிவங்கள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். சொத்து விபரம் கேட்கும் பகுதியை எப்படி நிரப்புவது என்று பார்த்துச் சொல்கிறேன்.